அறுபடாத பாட்டு: ஆப்பிரானா ஙாட்டாவின் வாழ்வும் பணியும்

மாவோரி மக்களின் ஊர்ப்பொது மன்றத்திற்கு மராயே என்று பெயர். விருந்தினர் வரினும், திருமணம் நிகழினும், சாவு நேரினும் அம்மன்றத்தில் முறைப்படி உரை நிகழ்ந்தாக வேண்டும். பேசுபவர் செதுக்கிய கோலொன்றைக் கையிலேந்தி, முன்னும் பின்னும் நடந்தவண்ணம், இறந்தோரை விளித்து, மன்றத்து இல்லத்தை வாழ்த்தி, வந்தோரின் குலமரபைத் தம் குலமரபோடு முடிச்சிட்டு உரையாற்றுவார். உரை முடிந்ததும் அவரைச் சார்ந்தோர் எழுந்து அருகில் நின்று, பழம்பாடல் ஒன்றை அவருடன் சேர்ந்து பாடுவர். பாட்டில்லாத பேச்சு நிறைவு பெற்றதாகக் கருதப்படுவதில்லை. அப்பாடலுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. நடுவில் அது அறுபடலாகாது. ஒருவர் மூச்சு வாங்கும்போது பிறர் பாட்டைத் தாங்கிச் செல்வர். சொல் மறந்து பாட்டு இடையில் நின்றுவிட்டால், அது சாவிற்கோ கேட்டிற்கோ முன்குறி என்று முதியோர் அஞ்சினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் இனத்தின் பாட்டு முழுவதுமே அவ்வாறு நடுவில் நின்றுவிடும் நிலையில் இருந்தது. 1896ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஏறத்தாழ 42,000 பேரே எஞ்சியிருந்தனர். அவர்கள் அழிந்தொழிவது உறுதி என்று ஐரோப்பியக் குடியேறிகளுள் பலர் நம்பினர். சிலர் இரக்கத்தோடு நம்பினர் என்பதே வேறுபாடு. அந்த வேளையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோரின் இடத்தில் நின்று பாட்டைத் தாங்கிச் சென்றவர்களுள் தலையாயவர் ஆப்பிரானா ஙாட்டா. வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர், உழவர் எனப் பல நிலைகளில் வாழ்ந்த அவர், பாடல்களைத் தொகுப்பதில் செலவிட்ட உழைப்பே கவிஞர்களாகிய நம் கவனத்திற்குரியது. தமிழில் சொல்லுக்கு முதலில் அரிதாகவே வரும் ஙகரம் மாவோரி மொழியில் இயல்பாக முதலில் நிற்கும். ஆதலால் அவர் பெயரை எழுதுவதில் நமக்கு இடர்ப்பாடு ஏதுமில்லை.

பிறப்பும் கல்வியும்

ஙாட்டா 1874ஆம் ஆண்டு சூலை 3ஆம் நாள், நியூசிலாந்தின் வடதீவில் கிழக்குக் கடற்கரையிலுள்ள டெ அராரோவா என்னும் ஊரில் பிறந்தார். அவர் குலம் ஙாட்டி போரௌ. தந்தை பராட்டேனே ஙாட்டா குலமரபுகளில் துறைபோகியவர். தாய் கட்டெரினா நாக்கியின் தந்தை ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு நாடோடி. உறவில் பாட்டனார் முறையினரான ராபட்டா வஹவஹா, ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்ட பெருந்தலைவர். வயோமட்டட்டினி என்னும் சிற்றூரில், இம்முதியோரின் நிழலில் சிறுவன் ஙாட்டா வளர்ந்தான். இரவில் குலமரபு ஓதக் கேட்பதும், பகலில் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் பயில்வதும் அவனுடைய இளமைக் கல்வியின் இரு பாதிகளாயின.

ஒன்பது வயதளவில் டெ ஔட்டே கல்லூரி என்னும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அதன் தலைவர் ஜான் தார்ன்டன், மாவோரி மாணவர்களைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தலாம் என்று துணிந்தவர். அங்கிருந்து உதவித்தொகை பெற்றுக் கிறைஸ்ட்சர்ச் நகரின் கான்டர்பரி பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்ற ஙாட்டா, 1893இல் கலை இளவர் பட்டம் பெற்றார். நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் மாவோரி அவரே. 1896இல் சட்டத்திலும் பட்டம் பெற்று, மறு ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். மாணவப் பருவத்தில் தம் மக்களின் பழைய வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் இயற்றிய நெடும்பாடல் ஒன்று கல்லூரியில் பரிசும் பெற்றது.

ஆங்கிலத்தில் பாடிப் பரிசு பெற்ற இளைஞர் அவ்வழியே சென்றிருப்பின், குடியேற்ற நாடுகளில் தோன்றிய எத்தனையோ இருமொழிக் கவிஞர்களுள் ஒருவராக முடிந்திருப்பார். நகரத்தில் வழக்கறிஞர் தொழிலும் அவரை வரவேற்றது. அவரோ இரண்டையும் விட்டுத் தம் ஊருக்கே திரும்பினார். 1895இல் அரிஹியா என்னும் நங்கையை மணந்து, வயோமட்டட்டினியில் வீடு கட்டிக் குடியமர்ந்தார். அவர்களுக்குப் பதினைந்து குழந்தைகள் பிறந்தனர், பதினொருவரே நிலைத்தனர்.

நிலமும் நாடாளுமன்றமும்

டெ ஔட்டே கல்லூரியின் பழைய மாணவர்கள் 1897இல் ஒரு சங்கம் கண்டனர். பிற்காலத்தில் இளம் மாவோரிக் கட்சி எனப் பெயர்பெற்ற குழுவின் தொடக்கம் அது. ஊர் ஊராகச் சென்று துப்புரவையும் நல்வாழ்வையும் கல்வியையும் வற்புறுத்துவது அவர்கள் பணி. அதன் பயணச் செயலாளராக ஙாட்டா நாடெங்கும் அலைந்தார். ஒவ்வொரு மராயேயிலும் பேசினார். பேசிய இடங்களிலெல்லாம் பாடக் கேட்டார்.

1905இல் கிழக்கு மாவோரித் தொகுதியில், முதுபெரும் தலைவர் வீ பேரேயை வென்று நாடாளுமன்றம் புகுந்தார். 1943 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள் அத்தொகுதி அவர் கைவிட்டுப் போகவில்லை. அவையில் அவர் ஆங்கிலப் பேச்சுக்கு எதிர்க்கட்சியினரும் செவிசாய்த்தனர். 1927இல் சர் பட்டம் பெற்றார். 1928 முதல் 1934 வரை மாவோரி விவகார அமைச்சராக இருந்தார்.

அவர் அரசியலின் உயிர்நாடி நிலம். 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் வைட்டாங்கி என்னுமிடத்தில் ஆங்கில அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்திற்குப் பின், விற்பனையாலும் போருக்குப் பிந்தைய பறிமுதலாலும் நிலத்தின் பெரும்பகுதி கைமாறிவிட்டது. எஞ்சியதோ, நில நீதிமன்றத்தின் வழக்கத்தால் பல நூறு பெயர்களுக்கிடையே துண்டுபட்டுக் கிடந்தது. துண்டுகளை ஒன்றுசேர்த்து, அரசுக் கடன் பெற்றுப் பண்ணைகளாக்கும் திட்டத்தை அமைச்சராக இருந்தபோது ஙாட்டா நடத்தினார். அதற்கு முன்பே தம் குலத்தாரைக் கொண்டு 1924இல் ருவாட்டோரியா ஊரில் கூட்டுறவுப் பால் பண்ணை நிறுவனம் ஒன்றையும் தொடங்கியிருந்தார்.

இவ்விடத்தில் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. நில நீதிமன்றத்தில் ஒரு குடும்பத்தின் உரிமையை நிலைநாட்ட எழுத்துப் பத்திரம் ஏதும் இருந்ததில்லை. குலமரபும், இடப்பெயர்களும், முன்னோர் பாடிய பாடல்களுமே சான்றாக எடுத்துரைக்கப்பட்டன. ஒரு புலம்பல் பாட்டில் வரும் ஓடையின் பெயர், அந்த ஓடைக்கரையில் எவர் பாட்டனார் வாழ்ந்தார் என்பதற்குச் சான்றாகும். பாட்டும் நிலமும் அவருக்கு இருவேறு துறைகளாக இல்லாமற் போனதன் காரணம் இதுவே.

பாடல்களைத் தேடி

மாவோரி மொழிக்கு எழுத்து வடிவம் கிறித்தவ சமயப் பரப்பாளர்களால் வந்தது. தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கப்பல் மணியொன்றை நியூசிலாந்தில் கண்டெடுத்தவராக நம்மவர் அறிந்துள்ள வில்லியம் கொலென்சோதான், 1837இல் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். பாடல்களை முதலில் பெருந்தொகையாக அச்சிட்டவர் ஆளுநர் ஜார்ஜ் கிரே. 1853இல் வெளிவந்த அவருடைய நூலில் பாடல்கள் ஏராளம். ஆயின் பெரும்பாலானவற்றைப் பாடியவர் யார், எந்தக் குலத்தவர், எந்தச் சாவிற்கு, எந்தப் பிரிவிற்கு என்னும் செய்திகள் அதில் இல்லை. உறவறியாக் குழந்தைகள் ஒரே கூடத்தில் நிறுத்தப்பட்டது போன்ற தோற்றம் அது.

மாவோரிப் பாடல்களின் இயல்பை அறிந்தாலன்றி இக்குறையின் அளவு விளங்காது. அவற்றுள் பெரும்பான்மை புலம்பல். அடுத்து வருவன காதற் பாடல்கள். மூன்றாவதாக ஓரியோரி எனப்படும் தாலாட்டு. தாலாட்டு என்றவுடன் குழந்தை உறங்கப் பாடும் எளிய பாட்டென்று நாம் கருதிவிடலாகாது. தலைமைக் குடியிற் பிறந்த குழந்தைக்கு அதன் முன்னோர் வரிசை, அவர்கள் கடல் கடந்து வந்த தோணி, செய்த போர், தீர்க்க வேண்டிய பழி ஆகியவற்றை யெல்லாம் செவி வழியே ஊட்டுவது அது. அடிக்கு ஒரு மலையும், அடிக்கு ஒரு பெயருமாகச் செல்லும். அப்பெயர்களின் வரலாறு தெரிந்தவனுக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு கதை. தெரியாதவனுக்கு அது வெறும் பெயர்ப் பட்டியல். நம் புறநானூற்றுப் பாடல்களின் அடியில் பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும் திணையும் துறையும் குறிக்கப்படாதிருந்தால் எத்தனை பாடல்கள் நமக்குப் பொருள்படாமற் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

ஙாட்டா மேற்கொண்ட பணி இங்கே தொடங்குகிறது. பாடலை மட்டும் எழுதிக்கொள்வதோடு அவர் மனம் நிறைவுறவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெற்றோரைத் தேடினார். பாடியவர் ஆணா பெண்ணா, எக்குலம், எவர்க்காகப் பாடியது, பாட்டில் வரும் மலை எங்குள்ளது, அந்தக் காற்றுக்கு அப்பெயர் ஏன் வந்தது, அருஞ்சொல்லின் பொருள் யாது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். ஒரே பாடலைப் பல குலங்கள் வெவ்வேறு வடிவில் பாடுவதுண்டு. அவ்வேறுபாடுகளையும் ஒப்பிட்டார். நாடாளுமன்றக் கூட்டங்களுக்கும் நிலத்தகராறுகளுக்கும் இடைப்பட்ட பொழுதுகளிலேயே இப்பணி நடந்தது. நிலம் பற்றிப் பேசச் சென்ற ஊரில் இரவு முதியோரோடு அமர்ந்தால், விடியும்போது கையில் ஒரு பாடலோ, பழைய பாடலுக்கு ஒரு விளக்கமோ இருக்கும்.

இதில் ஒரு நெருடலும் இருந்தது. பாடல் ஒரு குலத்தின் உடைமை, புனிதமானது. பிற குலத்தார் கண்ணில் படும்படி அச்சேற்றுவது முறையா என்னும் ஐயம் முதியோர் பலருக்கு எழுவது இயல்பு. ஙாட்டாவின் பெயர்க்குறிப்புகள் அவ்வையத்திற்கும் விடையாயின. பாடல் இன்ன குலத்தது, இன்னார் பாடியது என்று தலைப்பிலேயே பதிந்துவிட்டால், அச்சேறிய பின்னரும் அது உரியவர்க்கே உரியது. அச்சு அதனைப் பொதுச்சொத்தாக்கி விடவில்லை, உரிமைக்குச் சான்றாக்கியது.

மெழுகு உருளைகளில் குரல்கள்

அந்நாளில் டொமினியன் அருங்காட்சியகம் 1919 முதல் 1923 வரை நான்கு ஆய்வுப் பயணங்களை நடத்தியது. எல்ஸ்டன் பெஸ்ட், ஜேம்ஸ் மக்டொனால்ட், யோகன்னஸ் ஆண்டர்சன் ஆகியோர் சென்றனர். கிஸ்போர்ன், ரொட்டோருவா, வாங்கனூயி ஆற்றங்கரை ஆகிய இடங்களுக்குப் பின், 1923இல் நான்காவது பயணம் கிழக்குக் கடற்கரைக்கு வந்தது. அறிஞர்கள் வயோமட்டட்டினியில் ஙாட்டாவின் இல்லத்தில் தங்கினர். ஙாட்டாவின் உயிர்த்தோழர் டெ ரங்கி ஹீரோவாவும் உடனிருந்தார். பீட்டர் பக் என்று ஆங்கிலத்தில் அறியப்பட்ட அவர் மருத்துவர். பின்னாளில் ஹவாயித் தீவின் பிஷப் அருங்காட்சியகத்திற்கு இயக்குநரானவர்.

மக்டொனால்ட் படக்கருவியைச் சுழற்ற, மீன் பிடித்தலும், கூடை முடைதலும், கிழங்கு நடுதலும் படச்சுருளில் பதிந்தன. நூற்கயிற்றைக் கைவிரல்களில் பின்னி உருவங்கள் காட்டும் விளையாட்டை ஆண்டர்சன் குறித்துக்கொண்டார். முதியோர் ஒலிப்பதிவுக் கருவியின் குழல் முன் அமர்ந்து பாட, அவர்கள் குரல் மெழுகு உருளைகளில் விழுந்தது. ஆராயப்படும் மக்களே ஆராய்வோருமாக அங்கே இருந்தனர் என்பது எண்ணத்தக்கது. அதுவரை பொலினீசிய ஆராய்ச்சி, பெரும்பாலும் ஐரோப்பியர் கேட்க மாவோரிகள் விடையிறுப்பதாகவே நடந்தது. 1892இல் பெர்சி ஸ்மித்தும் எட்வர்ட் டிரெகியரும் தொடங்கிய பொலினீசியக் கழகத்தின் இதழ் அரும்பணி ஆற்றியது உண்மையே. எனினும் கேள்விகளை வகுத்தவர்கள் பெரும்பாலும் வெளியார். ஙாட்டாவும் ஹீரோவாவும் அக்கேள்விகளைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டனர்.

அதே 1923இல் ஙாட்டாவின் முயற்சியால் மாவோரி இனவரைவியல் ஆய்வுக் குழு நிறுவப்பட்டது. 1924 முதல் டெ டோவா டக்கிட்டினி என்னும் மாவோரி மொழித் திங்களிதழின் இணைப்பாகப் பாடல்கள் வெளிவரலாயின. 1928இல் அவை நூலாயின. ஙா மோட்டெயாட்டெயா என்பது நூலின் பெயர். பல தோணிகளின் மக்களிடமிருந்து சிதறிப் பறந்த சிம்புகள் என்று பொருள்படும் துணைத்தலைப்பை அவர் அதற்குச் சூட்டினார். செதுக்குபவன் மரத்தைச் செதுக்குகையில் தெறிக்கும் சிம்புகளே சிதறியவை. மரம் அதனினும் பெரிது என்னும் அடக்கம் அத்தலைப்பில் உண்டு. முதற்பகுதியில் 90 பாடல்கள். 1929இல் வந்த இரண்டாம் பகுதியோடு எண்ணிக்கை 200 ஆயிற்று. முன்னுரையும் குறிப்புகளும் யாவும் மாவோரி மொழியிலேயே அமைந்தன. அந்நூல் யாருக்காக என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

அந்த 1929ஆம் ஆண்டே அவர் இல்லத்தில் இருள் புகுந்தது. மூத்த மகன் மாக்கரினியும் மனைவி அரிஹியாவும் அடுத்தடுத்து மறைந்தனர். பிறர் புலம்பல்களுக்கு உரை எழுதியவர் தம் புலம்பலை மராயேயில் நின்று கேட்டார். ஹீரோவாவுக்கு அவர் எழுதிய மடல்களில் அத்துயரம் படிந்திருக்கிறது. 1925 தொடங்கி 1950 வரை இருவரும் எழுதிக்கொண்ட மடல்கள் பின்னர் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. குலமரபு, அரசியல், பொலினீசியத் தீவுகளின் ஒப்புமை, வீட்டுச் செய்தி எல்லாம் அவற்றில் ஒன்றாய்க் கலந்து ஓடுகின்றன.

உளியும் வாய்ச்சியும்

பாட்டு பாடப்படுவதற்கு மன்றம் வேண்டும். மன்றத்திற்கு இல்லம் வேண்டும். செதுக்கிய தூண்களும், வண்ணம் தீட்டிய கைமரங்களும், பின்னிய சுவர்த் தட்டிகளுமாக அமையும் மாவோரி மன்ற இல்லம், முன்னோர் ஒருவரின் உடலாகவே கருதப்படுவது. முகட்டு மரம் முதுகெலும்பு. கைமரங்கள் விலா எலும்புகள். இக்கலையும் அருகிவந்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வாயிலாக ரொட்டோருவாவில் மாவோரிக் கலை, கைவினைப் பள்ளி அமைய ஙாட்டா வழிசெய்தார். மறு ஆண்டில் அது இயங்கத் தொடங்கியது.

ஙாட்டி போரௌ குலத்து இளைஞர் பைனே டையாப்பா அங்கே பயின்றார். உளி வேலை கற்றாலும், முன்னோர் கையாண்ட வாய்ச்சியால் செதுக்கும் நுட்பம் கிடைக்கவில்லை. அதை அறிந்த முதியோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். தேடி அலைந்ததில் எராமிஹா கபுவா என்னும் முதியவர் கிடைத்தார். அவர் பள்ளிக்கு வந்து ஆசிரியரானார். ஓர் இனத்தின் கலை ஒரு முதியவர் மணிக்கட்டில் மட்டும் தங்கியிருந்து, அங்கிருந்து மீண்டும் பலர் கைகளுக்குப் பரவியது. ஒருவர் மூச்சு வாங்க மற்றவர் தொடர்ந்த பாட்டு இதுவும்.

இப்பள்ளியின் கைவினைஞர்கள் நாடெங்கும் மன்ற இல்லங்களை எழுப்பினர். அவற்றுள் புகழ்பெற்றது வைட்டாங்கி ஒப்பந்தத் திடலில் 1934இல் தொடங்கி, ஒப்பந்தத்தின் நூற்றாண்டு நாளான 1940 பிப்ரவரி 6 அன்று திறக்கப்பெற்றது. எல்லாக் குலங்களின் முன்னோரும் அதன் தூண்களில் இடம்பெற்றனர். அன்று அறுபத்தைந்து வயது ஙாட்டா கையில் கோலேந்தி இளைஞர்களுக்கு முன் நின்று ஹக்கா ஆடிய காட்சி நிழற்படமாய் நிலைத்துவிட்டது. அதே நாளில், நூறாண்டுகளில் தம் மக்கள் இழந்த நிலத்தையும், ஒடுங்கிய தலைமையையும், சிதறிய மரபையும் ஆளுநர் தலைவர் முன்னிலையில் எடுத்துரைக்கவும் அவர் தவறவில்லை.

வீழ்ச்சியும் குறைகளும்

வாழ்வு வரலாறு எழுதுவோர் குறைகளை மறைப்பது இறந்தோர்க்குச் செய்யும் மதிப்பாகாது. நிலத் திட்டங்களை ஙாட்டா விரைவில் செய்து முடிக்க விழைந்தார். கணக்கேடுகள் அவ்விரைவுக்கு ஈடுகொடுக்கவில்லை. பொருளாதார மந்தக் காலத்தில் அரசுப் பணம் சென்ற வழிகளைத் தணிக்கையாளர் கேள்விக்குள்ளாக்கினர். 1934இல் விசாரணை ஆணையம் அவர் துறையின் முறைகேடுகளைச் சுட்டியது. தம் குலத்தாருக்கு அவர் சலுகை காட்டினார் என்றும் குறைகூறியது. அவ்வாண்டே அமைச்சர் பதவியைத் துறந்தார். தமக்கெனப் பொருள் சேர்த்தார் என்னும் பழி மட்டும் அவர்மேல் நிலைக்கவில்லை.

அதனினும் ஆழமான குறையொன்று பாட்டோடு தொடர்புடையது. அரசின் மாவோரிப் பள்ளிகளில் ஆங்கிலமே கற்பிக்க வேண்டும் என்பதை ஙாட்டா நெடுங்காலம் வற்புறுத்திவந்தார். தாய்மொழியை வீடு காக்கும். பள்ளியின் வேலை ஆங்கிலம் தருவது என்பது அவர் நம்பிக்கை. இரவில் குலமரபும் பகலில் ஆங்கிலமுமாக வளர்ந்தவருக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. ஆயின் எல்லா வீட்டிலும் ஒரு ராபட்டா வஹவஹா இருக்கவில்லை. பள்ளியில் தாய்மொழி பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். அக்குழந்தைகள் பெற்றோரானபோது தம் மக்களோடு ஆங்கிலமே பேசினர். முதுமையில் ஙாட்டா இந்நிலையை உணர்ந்து, தாய்மொழிக் கல்வியின் தேவையை எடுத்துச் சொன்னார். அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. பாட்டைக் காக்க அல்லும் பகலும் அலைந்தவர், பாட்டைப் புரிந்துகொள்ளும் செவிகள் குறைவதைக் காணத் தவறினார் என்பது வருந்தத்தக்க உண்மை.

இரண்டாம் உலகப் போரில் குலவாரியாக அமைந்த மாவோரிப் படைப்பிரிவு எழுவதற்கு அவர் முன்னின்றார். குடியுரிமையின் விலையாக அவ்வுயிர்ப்பலியை அவர் கண்டார். அறுநூறுக்கும் மேற்பட்ட இளைஞர் திரும்பவில்லை. அவர்களுள் ஙாட்டி போரௌ குலத்து ஙாரிமு, மாவோரிகளுள் அப்போரில் விக்டோரியா விருது பெற்ற முதல்வர். விருது வந்தபோது அவர் உயிரோடில்லை. 1943 செப்டம்பரில் ஙாட்டா தேர்தலில் தோற்றார். அடுத்த மாதமே ருவாட்டோரியாவில் ஆயிரக்கணக்கானோர் திரண்ட விழாவில் அவ்விருது பெற்றோரிடம் அளிக்கப்பட்டது. தோல்வியின் கசப்பு ஆறுமுன் அவ்விழாவிற்கான பாடல்களையும் ஆட்டங்களையும் ஒழுங்குசெய்து, அவற்றை மலராகவும் அச்சிட்டார் அம்முதியவர்.

இறுதிக் காலமும் பின்னரும்

பதவியற்ற ஆண்டுகளில் அவர் மாவோரி விவிலியத் திருத்தப் பணிக்குத் தலைமையேற்றார். பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலையை, வையிக்காட்டோ பகுதியின் பெரும்புலவர் பெய் டெ ஹுரிநுயி ஜோன்ஸுடன் பகிர்ந்துகொண்டார். 1949இல் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் கையெழுத்து ஏட்டில் அவர் எழுதித்தந்த சில அடிகள் நாடெங்கும் பரவின. புதிய உலகின் கருவிகளைக் கைக்கொள்க, முன்னோரின் செல்வத்தை நெஞ்சில் ஏந்துக, உயிரைப் படைத்தவனிடம் ஒப்படைக்க என்பது அவற்றின் சாரம். அவர் வாழ்வின் சுருக்கமும் அதுவே.

1950ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் வயோமட்டட்டினியில் ஙாட்டா காலமானார். எல்லாக் குலத்தினரும் வந்து மன்றத்தில் புலம்பல் பாடினர். அப்பாடல்களுள் பல, அவர் தொகுத்துப் பெயர்பொறித்தவை. மறு ஆண்டு ஆக்லாந்துப் பல்கலைக்கழகக் கல்லூரியில் மாவோரி மொழி கற்பிக்கப் புரூஸ் பிக்ஸ் நியமிக்கப்பட்டார்.

தொகுப்பு அவரோடு நின்றுவிடவில்லை. 1959இல் முதற்பகுதி மொழிபெயர்ப்போடு மறுபதிப்புற்றது. பெய் டெ ஹுரிநுயியின் உழைப்பால் 1970இல் மூன்றாம் பகுதி வந்து 300ஆம் பாடலை எட்டியது. 1990இல் நான்காம் பகுதி வெளிவந்து எண்ணிக்கை 393 ஆயிற்று. 2004 முதல் 2007 வரை நான்கு பகுதிகளும் புதுப்பதிப்பாக வந்தபோது, ஆவணக் காப்பகத்தில் கிடந்த பழைய குரல்களும் குறுந்தகடுகளாக உடன் இணைந்தன. தொகுக்கத் தொடங்கியவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தும் பிறர் மூச்சில் நூல் தொடர்ந்தது.

மொழியின் கதையும் அவ்வாறே. 1970களில் நடந்த ஆய்வு, மாவோரி பேசும் குழந்தைகள் மிகக் குறைந்துவிட்டதைக் காட்டியது. 1972இல் முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம், பள்ளிகளில் அம்மொழியைக் கற்பிக்கக் கோரியது. 1982இல் கோஹங்கா ரெயோ எனப்படும் மொழிக் குழந்தைக்கூடங்கள் தோன்றின. பாட்டிமாரும் பாட்டன்மாரும் அங்கே பேரக் குழந்தைகளுக்குத் தாய்மொழி ஊட்டினர். 1987இல் மாவோரி அரசு மொழியாயிற்று. அக்கூடங்களில் வளர்ந்தவர்கள் பழம்பாடலைத் தேடியபோது, பாடியவர் பெயரும் குலமும் இடமும் பொருளுமாக அது அவர்களுக்காகக் காத்திருந்தது. ஙாட்டாவின் பிழையால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய முற்பட்டோர்க்கு, ஙாட்டாவின் உழைப்பே கைப்பொருளாக வாய்த்தது.

1992 முதல் நியூசிலாந்தின் 50 டாலர் தாளில் அவர் முகமும் வயோமட்டட்டினி மன்ற இல்லமும் இடம்பெற்றுள்ளன. நாடு தந்த பெருமை அது. மராயேயில் உரை முடித்த ஒருவர் அருகே சுற்றத்தார் எழுந்து நின்று, எவர் பாடியது, எவருக்காகப் பாடியது என்பதை அறிந்து, நடுவில் அறுபடாமல் ஒரு பாட்டைப் பாடி முடிக்கிறார்களே, அதுவே அவர் வேண்டிய பெருமையாக இருந்திருக்கும். கவிதை எழுதுவோராகிய நாம் நம் படைப்பின் வாழ்நாளைப் பற்றிக் கவலைப்படுகிறோம். அந்த வாழ்நாள் நம்மால் மட்டும் அமைவதில்லை; யாருடையது, எதற்காக என்று கேட்டு எழுதிவைக்கும் ஒருவரும், அதை வாங்கிப் பாட ஒரு சுற்றமும் வேண்டும் என்பதை ஙாட்டாவின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.